மாடித்தோட்டத்தில் மஞ்சள் இலை: உரம் போடும் முன் பார்க்க வேண்டியவை

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, "இலை மஞ்சளாகிறது, என்ன உரம் போடலாம்?" என்பதுதான். மஞ்சள் என்றால் சத்துக் குறை, சத்துக் குறை என்றால் உரம் என்ற இரண்டு முடிவுகளைக் கேட்கும்போதே எடுத்துவிடுகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் எப்சம் உப்பு என்பார். உரக்கடைக்காரர் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரப் பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பார். ஊரிலிருந்து வந்த அத்தை முட்டை ஓட்டையும் வாழைப்பழத் தோலையும் போடச் சொல்வார். மூன்று பேரும் பார்த்தது பறித்துக் காட்டிய ஒற்றை இலையை மட்டுமே. அந்த இலை செடியின் எந்த இடத்தில் இருந்தது, அந்தப் பையின் அடியில் வேர் எந்த நிலையில் இருக்கிறது என்ற முக்கியமான இரண்டு சாட்சியங்களும் மாடியிலேயே தங்கிவிட்டன.

திறந்த மாடியில், குரோ பேக்குகளிலும் தொட்டிகளிலும் வளரும் தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டை, கறிவேப்பிலை, எலுமிச்சை போன்ற செடிகளை மனத்தில் வைத்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது. வயலில் வளரும் செடிக்கு வேர் ஓட இடமுண்டு; பையில் வளரும் செடிக்கு நாம் கொடுத்த சில லிட்டர் மண்கலவைதான் உலகம். ஆகவே வயலுக்குச் சொல்லப்படும் அறிகுறிப் பட்டியலை அப்படியே மாடிக்குக் கொண்டுவந்தால் பல நேரம் தவறான முடிவுக்கே போய்ச் சேர்வோம்.

பச்சை எதனால் வருகிறது

இலையின் பச்சை நிறத்துக்குக் காரணம் பச்சையம் என்ற பொருள். பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது. அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. இரும்பு பச்சையத்தின் உறுப்பு அன்று, ஆனால் அதை உருவாக்கும் வேலை இரும்பில்லாமல் நடப்பதில்லை. இம்மூன்றில் எது குறைந்தாலும் பச்சை வெளுக்கும். இவ்வாறு இலை வெளுப்பதைப் பச்சையசோகை என்பர்.

சத்து குறையாமலும் பச்சையம் குறையலாம். வேர் அழுகினாலும், பூச்சி சாற்றை உறிஞ்சினாலும், வைரஸ் தாக்கினாலும், இலைக்கு வயதாகிவிட்டாலும் நிறம் மங்கும். நன்கு காய்த்துக்கொண்டிருக்கும் தக்காளிச் செடியின் அடியில் இரண்டு மூன்று இலைகள் பழுத்து உதிர்வது நோயே அன்று. அதற்கு மருந்து தேடுவது வீண்வேலை.

கீழ் இலையா, கொழுந்து இலையா

இலையைப் பார்க்கும் முன், அது செடியில் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். வீட்டில் அரிசி குறைந்துவிட்டால் பெரியவர்கள் தம் பங்கைக் குறைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் போடுவார்கள். குதிரில் உள்ள நெல்லை அள்ளிக் கொடுக்கலாம் என்பதால் அது முடிகிறது. ஆனால் அதே வீட்டின் சுவரில் கட்டிவிட்ட கல்லைப் பெயர்த்துப் பிள்ளைக்குப் புது வீடு கட்ட முடியாது; புதுச் சுவருக்குப் புதிதாகக் கல் வந்தாக வேண்டும். செடியிலும் சில சத்துகள் குதிர் நெல்லைப் போன்றவை, சில சத்துகள் சுவர்க் கல்லைப் போன்றவை.

உள்ளே நடப்பது இதுதான். செடிக்குள் இரண்டு வகைக் குழாய்கள் உள்ளன. வேரிலிருந்து நீரையும் அதில் கரைந்த சத்துகளையும் மேலே கொண்டுசெல்வது சைலம். இலையில் தயாரான உணவைச் செடியின் பிற பகுதிகளுக்குக் கொண்டுசெல்வது ஃபுளோயம். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவை ஃபுளோயத்தில் எளிதாகப் பயணம் செய்யும். எனவே தட்டுப்பாடு வரும்போது செடி பழைய இலைகளிலிருந்து அவற்றைத் திரும்ப எடுத்துக் கொழுந்துக்கு அனுப்புகிறது. இவற்றை நகரும் சத்துகள் எனலாம். கால்சியம், இரும்பு, போரான் ஆகியவை பெரும்பாலான காய்கறிச் செடிகளில் போய்ச் சேர்ந்த இடத்திலேயே தங்கிவிடும். கால்சியத்தில் பெரும்பகுதி உண்மையாகவே செல்லின் சுவரில்தான் இருக்கிறது. இவை நகராச் சத்துகள். இவற்றுக்குத் தட்டுப்பாடு வந்தால் பழைய இலை பச்சையாகவே இருக்கும். புதிதாக வரும் இலைதான் வெளுக்கும் அல்லது கோணலாகும்.

சுருங்கச் சொன்னால், அடியிலிருந்து மேலாக மஞ்சள் ஏறினால் நகரும் சத்துகளைச் சந்தேகிக்கலாம். கொழுந்தில் தொடங்கினால் நகராச் சத்துகளைச் சந்தேகிக்கலாம். கொழுந்து வெளுத்த எலுமிச்சைக்கு எப்சம் உப்பு போடுவது ஏன் பலிப்பதில்லை என்பது இதிலேயே விளங்கும். எப்சம் உப்பு மெக்னீசியம் சல்பேட்; மெக்னீசியம் குறைந்திருந்தால் அடி இலைதான் முதலில் காட்டிக்கொடுத்திருக்கும்.

நரம்பின் நிறம்

இடத்தை அடுத்து, மஞ்சள் எந்த வடிவில் பரவியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அடி இலை நரம்போடு சேர்ந்து முழுவதும் ஒரே சீராக வெளுத்து, செடியும் வளர்ச்சி குன்றி நின்றால் நைட்ரஜன் குறை என்று கருத இடமுண்டு. அதே அடி இலையில் நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளாவது மெக்னீசியக் குறையின் வடிவம். அடி இலையின் ஓரம் மட்டும் கருகிக்கொண்டு வந்தால் பொட்டாசியம் குறைந்திருக்கலாம். ஆனால் உப்பு மிகுந்தாலும் ஏறத்தாழ இதே தோற்றம் வரும் என்பதைப் பின்னர் பார்ப்போம். பாஸ்பரஸ் குறையால் இலையின் அடிப்புறம் ஊதா நிறமாவது குளிர்ந்த இடங்களில் அதிகம். நம் சமவெளி மாடிகளில் அதைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை.

கொழுந்து இலையில் நரம்புகள் மெல்லிய பச்சை வலையாகத் தெரிய, மீதி எலுமிச்சை நிறமாகவோ கிட்டத்தட்ட வெண்மையாகவோ மாறினால் அது இரும்புக் குறையின் தோற்றம். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் இதில் எளிதாகச் சிக்கும்.

இதற்கு நேர் எதிரான ஒரு தோற்றத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. வெண்டையில் நரம்புகள் பளிச்சென்று மஞ்சளாகி, இடைப்பகுதி பச்சையாகவே இருந்தால் அது சத்துக் குறை அன்று. அது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் என்னும் வைரஸ் நோய். எந்த உரமும் அதைக் குணப்படுத்தாது. அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதே மற்ற வெண்டைச் செடிகளுக்கு நல்லது. இதற்கு வாரக்கணக்கில் மீன் அமிலம் (மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கும் கரைசல்) தெளித்துக் காத்திருப்பவர்கள் உண்டு. அதற்குள் வெள்ளை ஈ அடுத்த பைகளுக்குப் போய்விடுகிறது.

பையில் சத்து இருந்தும் செடி பட்டினி

மேலே சொன்னவற்றை வைத்து "இரும்பு குறைந்திருக்கிறது" என்று சரியாகவே கண்டுபிடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். உடனே இரும்பு போட வேண்டுமா? செம்மண் கலந்த பையில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. செம்மண்ணின் சிவப்பே இரும்பினால் வந்தது. அப்படியிருந்தும் செடிக்கு அது கிடைக்கவில்லை. "செடியில் குறைவு" என்பதும் "மண்ணில் குறைவு" என்பதும் வேறு வேறு என்பது பிடிபட்டால், பெரும்பாலான குழப்பம் தீர்ந்துவிடும்.

வேர் திடப்பொருளை உண்பதில்லை. நீரில் கரைந்திருப்பதை மட்டுமே உறிஞ்சுகிறது. எது கரையும், எது கரையாது என்பதைத் தீர்மானிப்பதில் பி.எச். அளவுக்குப் பெரும் பங்கு உண்டு. பி.எச். என்பது ஒரு நீர்மம் அமிலமா காரமா என்பதை 0 முதல் 14 வரை காட்டும் அளவுகோல். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு வேறுபாட்டைக் குறிப்பதால், 6.5-க்கும் 7.5-க்கும் உள்ள இடைவெளி நினைப்பதைவிடப் பெரியது. பெரும்பாலான காய்கறிகளுக்கு மண்கலவை 6 முதல் 7 வரை, அதாவது சற்றே அமிலப் பக்கமாக இருந்தால் ஏற்றது. 7-ஐத் தாண்டத் தாண்ட இரும்பு கரையாத வடிவத்துக்கு மாறிப் பையிலேயே முடங்கிவிடும். மாங்கனீசும் துத்தநாகமும் இதே வழியில் போகும்.

காரம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலிருந்து. கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் தண்ணீரில் பைகார்பனேட் உப்புகள் நிறைய இருக்கின்றன. அவை ஒவ்வொரு முறை நீர் ஊற்றும்போதும் மண்கலவையைச் சிறிது சிறிதாகக் காரமாக்குகின்றன. தொடக்கத்தில் செழித்த செடி சில மாதங்களில் கொழுந்து வெளுப்பதற்கு இது ஒரு பொதுவான காரணம். அப்போது "கால்சியம் நல்லது" என்று முட்டை ஓட்டுத் தூளையும், "பொட்டாஷ் நல்லது" என்று விறகுச் சாம்பலையும் போடுகிறோம். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட், சாம்பலும் காரமானது. புளிப்பான மண்ணுக்கு இரண்டும் மருந்தாகலாம். ஏற்கெனவே காரமேறிய பையில் சாம்பல் நிலைமையை மோசமாக்கும், முட்டை ஓடோ கரையாமலேயே கிடக்கும்.

இந்த நிலையில் அன்னபேதி எனப்படும் இரும்பு சல்பேட்டை மண்ணில் போட்டாலும் விரைவில் அதுவும் கரையாத வடிவத்துக்குப் போய்விடும். அதனால்தான் இலைவழியாகத் தெளிக்கிறார்கள், அல்லது கொடுக்கிணைப்பு இரும்பு போடுகிறார்கள். இரும்பு அணுவை ஒரு கரிமப் பொருள் பற்றிக்கொண்டு, அது கரையாமல் போவதைத் தடுக்கும் ஏற்பாடே கொடுக்கிணைப்பு. இதிலும் வகை உண்டு. கடைகளில் எளிதில் கிடைக்கும் இ.டி.டி.ஏ. (EDTA) வகை பி.எச். 6.5 வரைதான் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். காரமான கலவைக்கு இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகையே பயன் தரும். பொட்டலத்தில் எந்த வகை என்று எழுதியிருப்பதைப் படித்து வாங்க வேண்டும். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றும் நம் வீட்டு வழக்கம் இந்த வகையில் அர்த்தமற்றது அன்று. அந்தப் புளிப்பு வேரடியின் காரத்தைச் சிறிது நேரம் தணிக்கும். ஆனால் ஊற்றும் தண்ணீர் மாறாதவரை அது தற்காலிக உதவிதான். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவது அதைவிட உறுதியான வழி.

தண்ணீர் மிகுந்தாலும் அதே மஞ்சள்

சத்தை உள்ளே இழுக்க வேருக்கு ஆற்றல் தேவை. ஆற்றலுக்கு ஆக்சிஜன் தேவை. மண்கலவையின் துளைகள் எப்போதும் நீரால் நிரம்பியிருந்தால் வேர் மூச்சடைத்து, சத்து அருகில் இருந்தும் எடுக்க முடியாமல் நிற்கும். அப்போது அடி இலை நைட்ரஜன் குறையைப் போல வெளுக்கலாம், கொழுந்து இரும்புக் குறையைப் போலவும் வெளுக்கலாம். செடி வாடவும் செய்யும். வாடியதைப் பார்த்து மேலும் தண்ணீர் ஊற்றுவதுதான் மாடித்தோட்டத்தில் செடிகளைக் கொல்லும் முதன்மையான பழக்கம் என்பது என் கருத்து.

பையில் இது எளிதாக நேர்வதற்கு ஒரு காரணம் உண்டு. எந்தத் தொட்டியிலும் நீர் வடிந்து முடிந்த பிறகும் அடியில் ஒரு பட்டை முழு ஈரமாகவே நிற்கும். அதன் உயரம் தொட்டியின் உயரத்தைப் பொறுத்ததன்று; கலவை எவ்வளவு நுண்ணியது என்பதைப் பொறுத்தது. பொடிமண் அதிகமானால் ஈரப்பட்டை உயரும். ஆழமற்ற பையில் அது வேரின் பெரும்பகுதியை மூழ்கடித்துவிடும். வடிகாலுக்கு என்று அடியில் ஜல்லி பரப்புவது பரவலான வழக்கம், பரவலான தவறும் கூட. ஈரப்பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேருக்குக் கிடைக்கும் காற்றோட்டமான இடம் இன்னும் சுருங்கும். துளையில் மண் வழியாதிருக்க ஓர் ஓட்டுச் சில்லு வைத்தால் போதும்.

கண்டறிவது கடினமன்று. மேல்மண் காய்ந்திருப்பதை நம்பாமல் விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். பையைத் தூக்கிப் பார்த்தால் கனமும் சொல்லும். உள்ளே ஈரமிருந்து செடி வாடியிருந்தால் சிக்கல் வேரில் இருக்கிறது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: கத்தரி வெயில் நாட்களில், பையில் ஈரமிருந்தும் நண்பகலில் இலை தொங்கி மாலையில் நிமிர்ந்துகொண்டால் அது வெப்பத்தால் வருவது. வெயில் நேரே படும் கறுப்புப் பையின் ஓரத்து வேர்கள் வெந்துபோகும் அளவுக்குச் சூடேறும். அதற்கு நிழல்வலையே பரிகாரம்.

சுருக்கம்: பி.எச். ஏறினாலும் வேர் மூச்சடைத்தாலும், சத்து இருந்தும் இல்லாத நிலை உண்டாகும். இந்த இரண்டையும் பார்க்காமல் உரம் போட்டால், போட்ட உரமும் பையிலேயே தேங்கி அடுத்த சிக்கலைக் கொண்டுவரும்.

தேங்கும் உப்பு

அந்த அடுத்த சிக்கல் உப்பு. சமையல் உப்பை மட்டும் சொல்லவில்லை. நீரில் கரைந்து நிற்கும் தாதுக்கள் எல்லாமே இங்கு உப்புதான், உரமும் உட்பட. ஒரு கணக்கைப் பார்க்கலாம். டி.டி.எஸ். எனப்படும் கரைந்த திடப்பொருள் அளவு 1000 என்றால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் உப்பு இருக்கிறது. பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் இந்த அளவைத் தொடும். நாளொன்றுக்கு 2 லிட்டர் ஊற்றினால் 30 நாளில் 60 கிராம் உப்பு பைக்குள் போகிறது. நீர் ஆவியாகிவிடும், உப்பு ஆவியாகாது. செடி எடுத்துக்கொள்வது போக மீதி அங்கேயே சேரும்.

வேருக்கு வெளியே உப்பு மிகும்போது நீர் உள்ளே நுழைவது கடினமாகிறது. நுழைந்த உப்பும் இலை நுனியிலும் ஓரத்திலும் போய்ச் சேர்ந்து கருக்குகிறது. பொட்டாசியக் குறையைப் போன்ற தோற்றம் என்று முன்பு சொன்னது இதைத்தான். பையின் மேல்மண்ணிலோ துளையைச் சுற்றியோ வெள்ளைப் படிவு தெரிந்தால் உப்பைச் சந்தேகிக்க வேண்டும். பீன்ஸ் இதில் மிகவும் மென்மையானது. மிளகாய் அதைவிடச் சற்றுத் தாங்கும். தக்காளி இன்னும் கொஞ்சம் தாங்கும். பல வகைச் செடிகளுக்கு ஒரே தண்ணீர் ஊற்றும் மாடியில் பீன்ஸ் முதலில் கருகினால் அதுவே ஒரு துப்பு. ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் நீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் குடிநீரிலிருந்து பிரிக்கப்பட்ட உப்பு முழுவதும் அந்த நீரில்தான் திரண்டிருக்கிறது. ஏற்கெனவே உப்பான ஊர்களில் அதைப் பைக்கு ஊற்றாமலிருப்பது மேல்.

கோகோபீட் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தென்னை நார்க்கழிவில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் உண்டு. நன்றாக அலசாத கட்டியில் அவை மிகுதியாக இருக்கும். நாம் தரும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அது முதலில் தன்னிடம் பிடித்துக்கொண்டு, பதிலுக்குப் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் விடுவிக்கும். ஆகவே கட்டியை நீரில் ஊறவைத்துப் பலமுறை அலசிய பிறகே மண்ணோடும் மக்கிய எருவோடும் கலக்க வேண்டும்.

உப்புக்கு மருந்து நல்ல நீர்தான். பையின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியாக ஓட விட்டால் பெரும்பகுதி கழுவிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவமழை இதை இலவசமாகவே செய்துவிடுகிறது. ஆனால் அதே மழை நைட்ரஜனையும் கழுவிவிடும் என்பதால், கார்த்திகையில் அடி இலை வெளுப்பதைக் கண்டு வியக்க வேண்டாம். மழை விட்டு, பை வடிந்த பிறகு மக்கிய எருவோ கடலைப் பிண்ணாக்குக் கரைசலோ கொடுக்க ஏற்ற காலம் அதுவே.

பூச்சியின் கைவரிசை

இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. ஊசியால் குத்தியது போன்ற வெளிர்புள்ளிகள், மெல்லிய நூலாம்படை ஆகியவை செஞ்சிலந்தியின் அடையாளம். இலையை வெள்ளைத் தாளின்மேல் தட்டினால் உதிரும் பொடிகளில் சில நகரத் தொடங்கும். மிளகாயில் இலை மேல்நோக்கிக் குவிந்தால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் முரணைச் சிலந்தி என்பது உழவர்கள் வைத்திருக்கும் நல்ல அடையாளம். இந்தச் சுருளலைக் கால்சியக் குறை என்று எண்ணி மோசம்போகிறவர்கள் பலர்.

எந்த வரிசையில் பார்ப்பது

முதலில் இலையின் அடிப்புறம், பிறகு விரல் விட்டு ஈரம், பிறகு மண்மேல் வெள்ளைப் படிவு. இந்த மூன்றிலும் குறை தெரியாவிட்டால் மட்டுமே சத்துக் குறையின் பக்கம் போகலாம். நீர் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் சிறிது ஊற்றி, துளை வழியாக வரும் நீரை ஒரு கிண்ணத்தில் பிடித்து பி.எச். தாளால் சோதித்தால் வேரடியின் நிலை ஓரளவு தெரியும்.

இரும்புதானா என்ற ஐயம் இருந்தால் செடியிடமே கேட்டுவிடலாம். லிட்டருக்கு 2 கிராம் அன்னபேதியை அன்றே கரைத்து, மாலையில், ஒரே ஒரு கிளையில் மட்டும் தெளிக்க வேண்டும். சில நாட்களில் துளி பட்ட இடங்கள் மட்டும் பச்சைப் புள்ளிகளாகத் தெரிந்தால் இரும்பு என்பது உறுதி. நகராச் சத்து என்பதால் பக்கத்து இலைக்கு அது பரவாது. மெக்னீசியத்துக்கு லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்பை இதேபோல் ஒரு கிளையில் தெளித்துப் பார்க்கலாம். இரண்டையும் ஒரே நாளில் ஒரே செடியில் செய்தால் எது பலித்தது என்று தெரியாமல் போகும்.

பரிகாரம் செய்த பிறகு, கெட்டுப்போன இலை மீளுமா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்; கருகிய ஓரம் மீண்டும் பச்சையாவதில்லை. இனி விரியும் இலைகளையே கவனிக்க வேண்டும். அதற்கு ஒன்றிரண்டு வாரங்களாவது பிடிக்கும். அடியில் பாதி மஞ்சளான இலைகளை அழகுக்காக உடனே கிள்ளிவிடவும் வேண்டாம். அவற்றிலிருந்து நைட்ரஜன் இன்னும் கொழுந்துக்குப் போய்க்கொண்டிருக்கும். முற்றிலும் பழுத்து, தொட்டால் உதிரும் நிலைக்கு வந்த பிறகு எடுத்தால் போதும். நோயோ பூச்சியோ தாக்கிய இலையை மட்டும் கண்டவுடன் அகற்றி, பைகளுக்குத் தொலைவில் போட்டுவிட வேண்டும்.